நிரல் நிற்குமா, நிற்காதா? நிறுத்தச் சிக்கல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிமைக் கோட்பாடு சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து, "அந்த ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே சார்?" என்று கேட்பார். நல்ல கேள்வி. மணி அடிக்கும் நேரத்தில் அவசரமாகப் பதில் சொன்னால் பாதிதான் புரியும். அதனால் அதையும் அதை ஒட்டி வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நிறுத்தச் சிக்கல் என்றால் என்ன?

ஒரு நிரலையும் அதற்குத் தரப்போகும் உள்ளீட்டையும் கையில் கொடுத்து, "இது எப்போதாவது வேலையை முடித்து நிற்குமா, இல்லை முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்குமா?" என்று கேட்பதுதான். எந்த நிரலைக் கொடுத்தாலும் இதற்குச் சரியான பதில் சொல்லிவிட்டு, தானும் நின்றுவிடுகிற ஒரே ஒரு பொது நிரல் எழுத முடியுமா? முடியாது என்று 1936-இலேயே நிரூபித்துவிட்டார்கள்.

நிற்காத நிரல் எப்படி இருக்கும் என்பதற்கு நிஜ உதாரணம் ஒன்று. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட்டின் 30 ஜிபி ஸூன் மியூசிக் பிளேயர்கள் எல்லாம் ஒரே நாளில் உறைந்துபோயின. 1980 ஜனவரி 1 முதல் எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்ற எண்ணிலிருந்து நடப்பு வருடத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்ன லூப்தான் காரணம். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

நாள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்:
— லீப் வருடம் என்றால்: நாள் 366-ஐவிட அதிகமா என்று பார், அதிகம் என்றால் 366-ஐக் கழித்து, வருடத்தில் 1 கூட்டு.
— சாதாரண வருடம் என்றால்: 365-ஐக் கழித்து, வருடத்தில் 1 கூட்டு.

2008 லீப் வருடம். டிசம்பர் 31 அதன் 366-ஆவது நாள். லூப் 2008-க்கு வந்து சேரும்போது நாள் = 366. அது 365-ஐவிட அதிகம், அதனால் உள்ளே போகிறது. லீப் வருடம்தான். 366-ஐவிட அதிகமா? இல்லை. ஒன்றும் கழிக்கவில்லை, ஒன்றும் கூட்டவில்லை. மறுபடி மேலே போகிறது. நாள் அதே 366, வருடம் அதே 2008. பேட்டரி தீரும்வரை இதேதான். பேட்டரியைத் தீரவிட்டு, மறுநாள் மதியத்துக்கு மேல் சார்ஜ் போடச் சொன்னார்கள்.

இந்த மாதிரி தவறை ஒரு நிரலால் கண்டுபிடிக்க முடியாதா?

தாராளமாக முடியும். அந்த லூப்பைப் படிப்படியாக ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் எல்லா மாறிகளின் மதிப்பையும் குறித்துவைத்தால் போதும். வெளியிலிருந்து புதிதாக எதுவும் உள்ளே வராதபோது, அதே நிலை இரண்டாம் முறை வந்துவிட்டால் மூன்றாம் முறையும் வரும், என்றென்றும் வரும். "நிற்காது" என்று அடித்துச் சொல்லலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நிறுத்தச் சிக்கல் தீர்க்க முடியாதது என்று கேட்டவுடன் பலர், எந்த நிரலைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தனித்தனியாக எத்தனையோ நிரல்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கருவி என்பதுதான் கிடையாது.

அது கிடையாது என்பதை எப்படி நிரூபிக்கிறார்கள்?

அப்படி ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பெயர் கணிப்பான். அதனிடம் எந்த நிரலைக் கொடுத்தாலும் "நிற்கும்" அல்லது "நிற்காது" என்று சொல்லும், தவறவே தவறாது. இப்போது அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு நிரல் எழுதுகிறோம். பெயர் வீம்பன்:

— என்னைப் பற்றிக் கணிப்பானிடம் கேள்.
— "நிற்கும்" என்று சொன்னால், முடிவில்லாமல் சுற்று.
— "நிற்காது" என்று சொன்னால், உடனே நில்.

கணிப்பான் "நிற்கும்" என்றால் வீம்பன் நிற்காது. "நிற்காது" என்றால் நின்றுவிடும். எதைச் சொன்னாலும் தவறு. ஆகவே தவறாத கணிப்பான் இருக்க முடியாது.

இவ்வளவு சுருக்கமான வடிவத்தில் இதை அச்சில் தந்தவர் பிரிட்டிஷ் கணினி அறிஞர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி. 1965-இல் ஒரு கணினி இதழுக்கு அவர் எழுதிய கடிதம் ஒரு பக்கம்கூட வராது. 1936-இல் இதை நிரூபித்த கணிதவியலாளர் ஆலன் டூரிங், 1953-இல் ஒரு மாநாட்டுக்குப் போகும்போது ரயில் பெட்டியில் வைத்துத் தனக்கு வாய்மொழியாக ஒரு நிரூபணம் சொன்னதாகவும், அதன் விவரங்களைத் தான் உடனே மறந்துவிட்டதாகவும் அதில் குறிப்பிடுகிறார். காகிதம் இல்லாமலே சொல்லிப் புரியவைக்கக்கூடிய அளவுக்கு எளிது என்பதால், இதை நான் எப்போதும் போர்டில் எழுதாமல் வாயாலேயே முதலில் சொல்வேன்.

ஒரு நிரல் தன்னைப் பற்றியே கேட்பது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. நிரல் என்பது கடைசியில் ஒரு எழுத்துக் கோப்பு. சி மொழி நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் சி மொழியிலேயே எழுதி, தன் மூலநிரலைத் தானே கம்பைல் செய்யவைக்கலாம். தன் உரையை முழுதாகத் தானே அச்சிடும் நிரலையும் எழுத முடியும். அதற்குக் கோப்பைத் திறந்து படிக்கக்கூட வேண்டியதில்லை.

சரி, கணிப்பான் வெறுமனே யோசிக்காமல், வீம்பனைத் தனக்குள் பாவனையாக ஓட்டிப் பார்த்தால்?

இதுதான் அந்த வகுப்பறைக் கேள்வி. பொறுமையாகப் பார்ப்போம்.

பாவனை செய்கிற கணிப்பான் இப்படி வேலை செய்கிறது: கொடுத்த நிரலை ஒவ்வொரு வரியாகத் தன் மேற்பார்வையில் ஓட்டும். அது நின்றுவிட்டால் "நிற்கும்" என்று சொல்லும். ஒரே ஃபங்ஷன், அதே உள்ளீட்டோடு, இடையில் திசை மாற வழியே இல்லாமல் திரும்ப அழைக்கப்படுவதைக் கண்டால், "இது முடிவில்லாத ரிகர்ஷன் (தன்னையே திரும்பத் திரும்ப அழைப்பது)" என்று முடிவு கட்டி, பாவனையை நடுவில் வெட்டிவிட்டு "நிற்காது" என்று சொல்லும். சாதாரண நிரல்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

இப்போது வீம்பனை அதனிடம் கொடுக்கிறோம். கணிப்பான் பாவனையைத் தொடங்குகிறது. வீம்பனின் முதல் வரி, கணிப்பானைக் கூப்பிடு என்பது. அதனால் பாவனைக்குள் இரண்டாவது கணிப்பான் ஒன்று எழுகிறது. அது இன்னொரு வீம்பனைப் பாவனை செய்யத் தொடங்குகிறது. அந்த வீம்பனின் முதல் வரியும் கணிப்பானைக் கூப்பிடு என்பதுதான். மூன்றாவது கணிப்பான். இப்படியே கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி வைத்ததுபோல உள்ளே உள்ளே போகிறது.

எல்லோருக்கும் வெளியே இருக்கும் முதல் கணிப்பான்தான் அதிக தூரம் பார்த்திருக்கிறது. அதனால் அதுதான் முதலில் விழித்துக்கொள்ளும்: "அதே அழைப்பு, அதே உள்ளீடு, மறுபடியும்!" வெட்டுகிறது. உள்ளே இருந்த எல்லாம் பாதியில் மறைகின்றன. பதில்: "நிற்காது."

இங்கேதான் மாணவர் முகம் மலரும். "பாருங்கள் சார், மாட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லிவிட்டதே!" சொல்லிவிட்டது, உண்மைதான். அந்தப் பதில் சரியா என்பதுதான் மிச்சம்.

வீம்பனைத் தனியாக எடுத்து நேரடியாக ஓட்டுங்கள். முதல் வரியில் கணிப்பானைக் கூப்பிடுகிறது. அந்தக் கணிப்பான் நாம் மேலே பார்த்த அத்தனையையும் ஒரு வரி பிசகாமல் செய்கிறது: பாவனை, உள்ளே பாவனை, விழிப்பு, வெட்டு. "நிற்காது" என்ற பதிலை வீம்பனிடம் தருகிறது. வீம்பன் அதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் வரிப்படி நின்றுவிடுகிறது. கணிப்பான் சொன்னது தவறு.

எந்த இடத்தில் கணிப்பான் தவறியது?

"இடையில் திசை மாற வழியே இல்லை" என்று அது முடிவு கட்டிய இடத்தில். வழி இருந்தது. உள்ளே எழுந்த ஒவ்வொரு கணிப்பானும், "ஒரே அழைப்பு திரும்ப வந்தால் வெட்டு" என்ற நிபந்தனையைத் தானும் சுமந்துகொண்டிருந்தது. வெளிக் கணிப்பான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டாவது கணிப்பான் வெட்டியிருக்கும், "நிற்காது" என்று சொல்லியிருக்கும், பாவனைக்குள் இருந்த வீம்பன் கண்ணெதிரே நின்றிருக்கும். வீம்பனின் நிரல்வரிகளை மட்டும் கவனித்து, அவற்றுக்குள் தன்னுடைய வரிகளும் அடக்கம் என்பதைக் கணிப்பான் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படியானால் பொறுத்தே இருக்கட்டும் என்று மாற்றி எழுதலாமா? மாற்றியதும் உள்ளே இருக்கும் கணிப்பானும் மாறிவிடுகிறது. இரண்டும் ஒரே நிரல் அல்லவா? இப்போது அதுவும் பொறுத்திருக்கும். எல்லோரும் பொறுத்திருந்தால் பதிலே வராது.

"நான் வெட்டாவிட்டால் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கும், ஆகவே 'நிற்காது' சரிதான்" என்று சொல்லலாமே?

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறோம். நுரை எழும்பும்போது அடுப்பை அணைக்கிறோம். "அணைக்காவிட்டால் பொங்கியிருக்கும்" என்பது உண்மை. "பால் பொங்கியது" என்பது பொய். 'பொங்கியிருக்கும்' வேறு, 'பொங்கியது' வேறு.

கணிப்பானிடம் கேட்ட கேள்வி, கையில் கொடுத்த வீம்பன் நிற்குமா என்பது. அந்த வீம்பனுக்குள் வெட்டுகிற கணிப்பான் இருக்கிறது. "வெட்டாவிட்டால்" என்று தொடங்கும்போதே, வெட்டாத கணிப்பானை உள்ளே வைத்த வேறொரு வீம்பனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அந்த வேறொரு வீம்பன் நிற்காது என்பது சரியே. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. பல வருடமாக இந்த வாதத்தைப் பல வடிவங்களில் பார்த்துவிட்டேன். எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தாலும், எங்கோ ஓரிடத்தில் இந்த இரண்டு வீம்பன்களும் ஒன்றாகக் கலந்திருக்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது மாணவர்களுக்கு அருமையான பயிற்சி.

கணிப்பானுக்குத் தான் எந்த ஆழத்தில் ஓடுகிறோம் என்று தெரிந்தால்?

ஒரு குளோபல் மாறியில் (நிரலின் எல்லாப் பகுதிக்கும் பொதுவான மாறியில்) ஆழத்தை எண்ணி வைத்து, "வெளியே இருந்தால் ஒரு பதில், உள்ளே இருந்தால் வேறு பதில்" என்று எழுதுவார்கள். இயங்கும், சரியான பதில்கூட வரலாம். ஆனால் ஒரே கேள்விக்கு ஒரு தடவை "நிற்கும்", இன்னொரு தடவை "நிற்காது" என்று சொல்கிற கருவி அது. வீம்பனுக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் பெயரில் மட்டுமே ஒன்று, நடத்தையில் இரண்டு. வெளியே இருப்பதையே அப்படியே உள்ளே வைத்து இன்னொரு வீம்பன் எழுதினால் அதுவும் தோற்கும்.

அப்படியானால் கேள்வியே கோணலானது, "நான் சொல்வது பொய்" என்ற புதிர் மாதிரி என்று விட்டுவிடலாமா?

அந்த வாக்கியத்துக்கு உண்மை, பொய் என்ற எந்த விடையும் ஒட்டாது. வீம்பன் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட கணிப்பானை வைத்துக் கட்டிய வீம்பனுக்குத் தெளிவான நடத்தை உண்டு. மேலே பார்த்தது நின்றது, கண்ணால் பார்த்தோம். வேறொரு கணிப்பான் அதைச் சரியாகவே சொல்லிவிடலாம். ஆனால் அந்த வேறொன்றுக்கும் அதற்கென்றே ஒரு வீம்பன் உண்டு. கேள்வியில் கோணல் எதுவும் இல்லை.

டூரிங் 1936-இல் இதைத்தான் எழுதினாரா?

சரியாக இதையல்ல. அவருடைய மூலக் கட்டுரையைப் பார்க்கிறவர்கள் முதலில் திகைப்பார்கள், ஏனென்றால் அதில் 'நிறுத்தச் சிக்கல்' என்ற பெயரே இல்லை. அது 1950-களில் வந்த பெயர். கட்டுரை எழுதும்போது டூரிங்குக்கு வயது 23. அவர் பார்த்த இயந்திரங்கள் 0, 1 என்று இலக்கங்களை முடிவில்லாமல் அச்சிட வேண்டியவை. அவருக்கு ஓடிக்கொண்டே இருப்பதுதான் நல்ல இயந்திரம். குறிப்பிட்ட அளவு இலக்கத்துக்கு மேல் தராமல் முடங்கிவிடுவதுதான் கெட்டது. ஒரு இயந்திரம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கும் பொது இயந்திரம் உண்டா என்பது அவருடைய கேள்வி.

பாவனை விஷயத்தில் ஆர்வமுள்ளவர்கள் அவர் நிரூபணத்தைப் படித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் பாவனை நடுநாயகமாக இருக்கிறது. அப்படித் தீர்மானிக்கும் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதோடு எந்த இயந்திரத்தையும் பாவனை செய்யும் பொது இயந்திரத்தைச் சேர்க்கிறார். எந்த இயந்திரத்தின் விவரணையையும் ஓர் எண்ணாக எழுதிவிடலாம். இரண்டும் சேர்ந்த இயந்திரம் 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணாக எடுத்து, "இந்த எண் ஒரு நல்ல இயந்திரத்தின் விவரணையா?" என்று சோதிக்கும். ஆம் என்றால், அது இதுவரை கண்ட எத்தனையாவது நல்ல இயந்திரமோ அத்தனையாவது இலக்கம் வரை அதைப் பாவனையாக ஓட்டி, அந்த இலக்கத்தை எழுதும். எண்ணிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் தன்னுடைய சொந்த எண்ணே வந்து நிற்கும். தான் நல்ல இயந்திரம்தான், அதனால் தன்னையே பாவனை செய்ய வேண்டும். முந்தைய இலக்கங்கள் வரை சிரமமில்லை. அடுத்த இலக்கம் என்ன? அது தன்னைப் பாவனை செய்து கிடைக்க வேண்டிய இலக்கம். அதற்கு மறுபடி தன்னைப் பாவனை செய்ய வேண்டும். அந்த இலக்கம் வரவே வராது. அப்படியானால் அது நல்ல இயந்திரமே இல்லை, முரண்.

தன்னையே பாவனை செய்தால் உள்ளே உள்ளே போய் மாட்டிக்கொள்வோம் என்பது யாரும் கவனிக்காமல் விட்ட ஓட்டை அல்ல. நிரூபணமே அதன் மேல்தான் நிற்கிறது.

நிஜக் கணினியின் நினைவகத்துக்கு எல்லை உண்டே, அப்போது?

கோட்பாட்டளவில் தீர்ந்துவிடும். நிலைகளின் எண்ணிக்கைக்கு எல்லை இருப்பதால், ஸூன் லூப்பில் செய்ததுபோல் ஏதாவது ஒரு நிலை திரும்ப வரும்வரை ஓட்டலாம். ஆனால் 1 கேபி நினைவகத்தில் 8192 பிட் இருக்கிறது. சாத்தியமான நிலைகள் 2-இன் 8192-ஆவது அடுக்கு. அதை எழுதினால் 2467 இலக்கம் வரும். அத்தனை படிகள் ஓட்டக் காலம் போதாது. இன்னொன்று: அந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்ளக் கணிப்பானுக்குக் கூடுதல் நினைவகம் வேண்டும். அதனால் கணிப்பானைச் சுமக்கும் வீம்பன் அதே அளவுக் கணினிக்குள் அடங்காது, முரண்பாடும் எழாது.

மிகச் சிறிய நிரல்களுக்காவது முழுமையாகத் தீர்த்திருக்கிறார்களா?

தீர்த்திருக்கிறார்கள், எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிகப் பிடித்த பகுதி இதுதான். டூரிங் இயந்திரம் என்பது ஒரு நாடாவில் முன்னும் பின்னும் நகர்ந்து, குறிகளைப் படித்து எழுதும் கற்பனைக் கணினி; அதன் விதிகள் சில 'நிலைகளாக'ப் பிரிக்கப்பட்டிருக்கும். 1962-இல் கணிதவியலாளர் திபோர் ராடோ ஒரு கேள்வி எழுப்பினார்: வெற்று நாடாவில் தொடங்கி, இத்தனை நிலைகள் மட்டுமே உள்ள டூரிங் இயந்திரங்களில், கடைசியில் நிற்கக்கூடியவற்றுள் அதிகப் படிகள் ஓடுவது எது? 2 நிலைகளுக்கு 6 படி. 3 நிலைகளுக்கு 21. 4 நிலைகளுக்கு 107. 5 நிலைகளுக்கு 4,71,76,870 படிகள் ஓடி நிற்கும் இயந்திரத்தை 1989-இல் கண்டுபிடித்தார்கள். அதைவிட அதிகம் ஓடி நிற்பது வேறு இல்லை என்று உறுதியானது 2024-இல்தான். இணையம் வழியாகச் சேர்ந்த பல நாட்டு ஆர்வலர்கள் அதை முடித்தார்கள். நிரூபணம் காக் என்ற மென்பொருளால் வரி வரியாகச் சரிபார்க்கப்பட்டது.

பெரும்பாலான இயந்திரங்களுக்கு, ஓட்டிப் பார்த்துத் திரும்ப வரும் அமைப்பைக் கண்டுபிடிக்கும் கருவிகளே போதுமாக இருந்தன. ஆனால் பல்கேரியரான கியோர்கி கியோர்கியேவ் 2003-இல் வெளியிட்ட, எளிதில் முடிவு கட்ட முடியாத 5 நிலைப் பிடிவாதக்காரர்கள் பட்டியலில் முதலாவதைப் பாருங்கள். அதுவும் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். அந்தச் சுற்று ஒவ்வொன்றும் 800 கோடிப் படிகளுக்கு மேல் நீளம். அது தொடங்குவதே 1-க்குப் பின் 51 சுழியம் போட்ட எண்ணையும் தாண்டிய படிகளுக்குப் பிறகு. வெறுமனே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அது தெரிந்திருக்காது. கணக்கைக் குறுக்கி ஓட்டியதால் தெரிந்தது.

6 நிலைகளில் இப்போதைக்குச் சுவர். அங்கே ஓர் இயந்திரம் செய்யும் வேலை இவ்வளவுதான்: 8-இல் தொடங்கு. ஒன்றரையால் பெருக்கு, பின்னம் வந்தால் விட்டுவிடு. 8, 12, 18, 27, 40, 60, 90, 135... போகப் போக ஒற்றை எண்களின் எண்ணிக்கை இரட்டை எண்களைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் நில். பார்த்தால் நாணயம் சுண்டுவதுபோல் ஒற்றையும் இரட்டையும் வருகின்றன, அதனால் நிற்காது என்றே தோன்றுகிறது. நிரூபிக்க இன்னும் கருவி இல்லை.

செயற்கை நுண்ணறிவால் முடியுமா?

அதுவும் கணினியில் ஓடும் நிரல்தான். வீம்பன் அதைக் கூப்பிட்டு, அதன் பதிலுக்கு எதிராக நடக்கும். நிரூபணங்களைத் தேடுவதில் நமக்குப் பெரிய உதவியாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

"நிற்கும்", "நிற்காது" என்பவற்றோடு "தெரியவில்லை" என்ற மூன்றாவது பதிலை அனுமதிக்கிறார்கள். அதை அனுமதித்தவுடன் வீம்பன் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. அவனைப் பற்றிக் கேட்டால் "தெரியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் இபிபிஎஃப் என்ற வகைச் சிறு நிரல்களை அப்படித்தான் சோதிக்கிறார்கள். நின்றே தீரும் என்று சரிபார்ப்பானுக்கு உறுதிப்பட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடாது. நல்ல நிரல் சிலவும் சேர்ந்து தள்ளுபடி ஆகும், அது தெரிந்தே ஏற்றுக்கொண்ட விலை. 2019 வரை அங்கே லூப்பையே அனுமதிக்கவில்லை. நிரல்களை ஓட்டும் பிளாக்செயின் வலையமைப்பான எத்தீரியம் வேறு வழியில் போகிறது: ஒவ்வொரு கட்டளைக்கும் கட்டணம், கொடுத்த கட்டணம் தீர்ந்தால் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும்.

ஒரு குறிப்பிட்ட நிரல் நிற்கும் என்று காட்டுவதற்கான அடிப்படை முறையையும் டூரிங்கே 1949-இல் கேம்பிரிட்ஜில் படித்த சிறு கட்டுரையில் தந்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே போகிற, சுழியத்துக்குக் கீழே போக முடியாத ஒரு முழு எண் அளவைக் காட்டினால் போதும். மீப்பெரு பொதுக் காரணி காணும் நிரலில் மீதி ஒவ்வொரு தடவையும் குறைகிறது, அதனால் நின்றே தீரும். ஸூன் லூப்பில் 'நாள்' அப்படிக் குறைந்திருக்க வேண்டும், 366-இல் குறையவில்லை. இந்த ஒரு கேள்வியை எழுதியவரோ சோதித்தவரோ கேட்டிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொது முறை இல்லை என்று காட்டிய அதே மனிதர், 13 வருடம் கழித்து, எதிரே இருக்கும் ஒன்றுக்கு எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நானே ஒரு பாவனைக் கணிப்பான் எழுதிப் பார்க்கட்டுமா?

அவசியம் எழுதுங்கள். கூட்டல், கழித்தல், ஒப்பீடு, தாவல், ஃபங்ஷன் அழைப்பு மட்டும் உள்ள குட்டி மொழி போதும். முதலில் ஸூன் லூப்பைக் கொடுங்கள், நிலை திரும்ப வருவதைப் பிடிக்க வேண்டும். அடுத்து 27-ஐக் கொடுத்து, இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி 1 கூட்டு, 1 வந்தால் நில் என்று ஓட்டுங்கள். 9232 வரை ஏறி, 111 படிகளில் 1-க்கு இறங்கும். அவசரப்பட்டு "நிற்காது" என்று சொல்லக் கூடாது. கடைசியாக வீம்பன். கணிப்பானின் பதிலைத் தாளில் குறித்துவைத்துக்கொண்டு, வீம்பனைத் தனியாக, மேற்பார்வை இல்லாமல், அதே கணிப்பானோடு ஒரு தடவை ஓட்டுங்கள். குளோபல் மாறி ஏதாவது இருந்தால் ஓட்டுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.